பேசாத வாரங்கள்

"எனக்கு எப்போது பேச வாய்ப்பு கிடைக்கும்?" மேடைப் பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. ஒரு கூட்டத்தில் தயாரித்து வந்து பேசும் உரைகள் இரண்டு, மிஞ்சினால் மூன்று. இருபது இருபத்தைந்து பேர் உள்ள கிளப்பில் ஒருவருடைய முறை வருவதற்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகிவிடும். அப்படியானால் மற்ற வாரங்களில் எதற்காக வர வேண்டும்? சென்னையில் பல வருடங்களாக வாரக் கூட்டங்களுக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: என் பேச்சு திருந்தியது பெரும்பாலும் அந்த மற்ற வாரங்களில்தான்.

இந்த அமைப்பே அப்படித்தான் உருவானது. 1924 அக்டோபர் 22 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா அனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி முதல் கூட்டத்தை நடத்தினார். பாடம் நடத்த வாத்தியார் யாரும் கிடையாது. உறுப்பினர்களே முறைவைத்துத் தலைமை தாங்குவார்கள், பேசுவார்கள், ஒருவர் பேச்சை இன்னொருவர் மதிப்பிடுவார். நூறு வருடம் கழிந்தும் அந்த ஏற்பாடு மாறவில்லை.

சேர்ந்தவுடன், நேரம் பார்க்கும் டைமர் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். வழக்கமான உரைக்கு ஐந்தாவது நிமிடம் பச்சை விளக்கு, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. போட்டியாக இருந்தால் சிவப்புக்குப் பிறகு முப்பது விநாடிதான் சலுகை. அதைத் தாண்டினால் தகுதி போய்விடும். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போதுதான் நம் மேடைப் பழக்கத்தின் விலை தெரியும். "அவைத் தலைவர் அவர்களே, ஆன்றோர்களே, சான்றோர்களே" என்று ஆரம்பித்து, வாய்ப்புக்கு நன்றி சொல்லி, தலைப்பின் பெருமையையும் விளக்கி முடிப்பதற்குள் ஒரு நிமிடம் கரைந்திருக்கும். ஒரு மணி நேரச் சொற்பொழிவில் அது அழகு. ஏழு நிமிட உரையில் அது ஏழில் ஒரு பங்கு. ஒரே வரியில் வணக்கம் சொல்லிவிட்டு நேராகச் சம்பவத்துக்குள் இறங்கியவர்களின் உரைகள்தான் பச்சை விளக்கு எரியும்போது சூடுபிடித்திருக்கும்.

அடுத்தது ஆ-கவுண்டர். தேவையில்லாமல் வந்து விழும் சொற்களை எண்ணிச் சொல்லும் வேலை. தமிழில் பேசும்போது 'வந்து', 'அதாவது', 'பாத்தீங்கன்னா', 'என்னன்னா' எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அடுத்த வாக்கியம் கிடைக்காத இடத்தில் வாய் தானாகவே 'வந்து' சொல்லிவிடுகிறது. சும்மா நின்றால் மறந்துவிட்டார் என்று நினைப்பார்களோ என்ற பயம். உண்மையில் பேசுகிறவருக்கு யுகமாகத் தோன்றும் இரண்டு விநாடி மௌனம் கேட்கிறவர்களுக்கு மூச்சு விடக் கிடைத்த இடம். இந்தப் பொறுப்பைத் தொடர்ந்து செய்து பாருங்கள். அலுவலகத்திலும் ஃபோனிலும்கூட உங்கள் 'வந்து' உங்கள் காதிலேயே விழத் தொடங்கும். அப்போதே பாதி குறைந்துவிடும்.

முன்கூட்டிச் சொல்லாத தலைப்பில் ஒன்றிரண்டு நிமிடம் பேசும் டேபிள் டாபிக்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தலைப்பு முழுவதற்கும் பதில் சொல்லப் பார்க்காதீர்கள். அது நினைவூட்டும் ஒரே ஒரு ஆளை, ஒரே ஒரு நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். போதும்.

மதிப்பீட்டுக்கு வருகிறேன். கிளப்பின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஒரு கூட்டத்தில், தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தன் ஊர்க் கோயில் குளத்தைத் தூர்வாரிய கதையைச் சொன்னார். நல்ல குரல், தெளிவான உச்சரிப்பு. அவரை மதிப்பிட எழுந்தது ஒரு கல்லூரி மாணவி. "சார், 'குளத்துல பையன்கள் கிரிக்கெட் ஆடிட்டிருந்தாங்க'ன்னு சொல்லிட்டு ஒரு நிமிஷம் நின்னீங்க. அந்தக் குளம் எனக்குக் கண்ணுல தெரிஞ்சது. உடனே வசூல் கணக்குக்குப் போயிட்டீங்க. முதல்ல மண்வெட்டி எடுத்தது யாருன்னு தெரிஞ்சுக்க ஆசைப்பட்டேன்" என்றாள். பெரியவர் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பின்னொரு கூட்டத்தில் அதே கதையைத் திரும்பவும் பேசினார். இம்முறை வசூல் கணக்கு ஒரே வரிதான். முதலில் மண்வெட்டி எடுத்த பூக்காரம்மாவைப் பற்றிய பேச்சே நான்கு நிமிடம். அரங்கம் அசையவில்லை.

அந்தப் பெண் செய்ததைப் பாருங்கள். 'அருமை' என்று பொதுவாகச் சொல்லாமல் எந்த வரி, எந்த இடம் என்று காட்டினாள். திருத்தத்தை ஒன்றோடு நிறுத்தினாள். தீர்ப்பாகச் சொல்லாமல், கேட்டவளுக்கு என்ன நேர்ந்தது என்று சொன்னாள். மதிப்பீட்டுக்குக் கிடைப்பது இரண்டு முதல் மூன்று நிமிடம். அதற்குள் ஏழு குறைகளை அடுக்கினால் ஒன்றும் மனதில் நிற்காது. நான் தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் பேச்சாளர் சொன்னதையும், வலப்பக்கம் அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதையும் குறித்துக்கொள்வேன். வலப்பக்கம் காலியாக இருக்கும் இடங்களில்தான் உரை தொய்ந்திருக்கும்.

இப்படி மதிப்பிட்டுப் பழகியதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் மொழி பற்றியது. பலரும் உரையை எழுத்துத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்து வருகிறார்கள். ஒரு சொல் நழுவினால் பேச்சுத் தமிழுக்குத் தாவி, நினைவு வந்ததும் மறுபடி மேலே ஏறுகிறார்கள். பேசுகிறவர் அதை உணர்வதில்லை; கேட்கிறவருக்கு ஒவ்வொரு தாவலும் ஒரு குலுக்கல். அதனால் இப்போது உரையை எழுதுவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன், பிறகுதான் குறிப்பு. முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் மனப்பாடம்.

கூட்டம் இல்லாத நாளிலும் மதிப்பிட்டுப் பழகலாம். இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி 2014இல் கோலாலம்பூரில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சுப் போட்டியின் உலக சாம்பியன் பட்டம் வென்ற உரையின் காணொளி இருக்கிறது. ஒருமுறை சும்மா ரசியுங்கள். மறுமுறை ஒலியை நிறுத்திவிட்டு, எங்கே நிற்கிறார், எப்போது நகர்கிறார் என்று மட்டும் மதிப்பீட்டாளர் கண்ணோடு பாருங்கள்.

சேர்வதற்கு முன் விருந்தினராக இரண்டு மூன்று கிளப்புகளுக்குப் போய்வாருங்கள். மேடையில் யார் எவ்வளவு நன்றாகப் பேசுகிறார்கள் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மதிப்பீட்டு நேரம் வரை உட்கார்ந்திருங்கள். ஒவ்வொருவரும் 'சூப்பர், கலக்கிட்டீங்க' என்று சொல்லி அமர்ந்தால், அடுத்த வாரம் வேறு கிளப்புக்குப் போய்ப் பாருங்கள்.