எக்செல் தெரியும், எந்த ஆண்டு எக்செல்?

இளைஞர்களே, வேலை விண்ணப்பத்தில் "எக்செல் தெரியும்" என்று எழுதாதவர் நம்மில் யார்? ஆனால் அதை எப்போது கற்றோம்? இடைநிலைப் பள்ளியிலா, கல்லூரியிலா? மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கிறது. நாம் கற்றது மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது.

"அதனால என்ன ஆயிடப் போகுது?" என்று கேட்கலாம். இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். 2020-இல் கோவிட் பரிசோதனை முடிவுகளை அங்குள்ள பொதுச் சுகாதார அமைப்பு எக்செலின் பழைய கோப்பு வகையில் தொகுத்தது. அதில் 65,536 வரிகளுக்கு மேல் ஏறாது. மிஞ்சியவை சத்தமில்லாமல் விடுபட்டன. 15,841 நோயாளிகள் உரிய நாளில் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களுக்கு எச்சரிக்கையும் தாமதமாகவே போனது. 10 லட்சத்துக்கும் அதிகமான வரிகளைக் கொள்ளும் புதிய வகை 2007 பதிப்பிலேயே வந்துவிட்டது! கருவி புதுசு, பழக்கம் பழசு.

நம் மலேசியாவிலும் வேலைமுறை மாறி வருகிறது. 2024 ஆகஸ்டு 1 முதல் உள்நாட்டு வருமான வரி வாரியம் இ-இன்வாய்ஸ் முறையைக் கட்டங்கட்டமாகக் கொண்டுவந்தது. முதலில் ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்கள், பிறகு சிறியவை. இதற்கு அரைநாள் பயிற்சி கொடுத்துவிட்டு, "இனி நீங்களே பார்த்துக்குங்க" என்றால் போதுமா? கற்றதில் பாதி ஒரு மாதத்தில் மறந்துபோகும். பக்கத்து மேசைக்காரரைக் கேட்டால், அவருக்கும் பாதிதான் தெரியும். தவறு அப்படியே பரவும். அதனால்தான் பயிற்சி தொடர வேண்டும்: முதலில் அடிப்படை, சில வாரம் பயன்படுத்திய பின் சந்தேகங்களுக்கு ஒரு வகுப்பு, புதிய பதிப்பு வரும்போது மறுபடியும்.

"காசு யாரு கொடுப்பா?" நல்ல கேள்வி. 2001-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதற்கு உட்பட்ட துறைகளில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கோர்ப்புக்கு லெவியாகக் கட்ட வேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. பணியாளர் பயிற்சிக்காகவே அந்தப் பணம் இருக்கிறது.

ஆகவே கேட்கத் தயங்காதீர்கள். "எனக்கு இது தெரியல, பயிற்சி வேணும்" என்பது பலவீனமல்ல. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிச் செய்யும் வேலைதான் ஆபத்து.

கலந்துரையாட:
1. உங்கள் வேலையிடத்தில் கடைசியாக மென்பொருள் பயிற்சி நடந்தது எப்போது?
2. அடுத்து உங்களுக்குத் தேவையான ஒரு பயிற்சி எது? அதை யாரிடம் கேட்பீர்கள்?