துரோவாவில் நிற்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த பாட்டுகளும் கிடைத்தன. பாட்டுகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ரூத்தின் கதையை நடவுக் கும்மி மெட்டில் பாடியிருக்கிறாயே, அது நல்ல பாட்டு. போவாஸின் வயலில் அவள் கதிர் பொறுக்கும் இடத்தில், திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் குனிந்து நிமிர முடியாத நம் பெண்களின் முதுகுவலி கேட்கிறது. அதை எங்கிருந்தும் கற்றுக்கொண்டு வர முடியாது. கடைசிப் பாட்டு மட்டும் யாரோ கேட்டதற்காக எழுதியதுபோல இருக்கிறது. கீபோர்டுக்காரர் வாசிக்க வசதியாக நீ உன் தாளத்தையே நறுக்கியிருக்கிறாய். அதை எடுத்து வைத்துவிடு.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். டவுன் சபையில் தப்பு மேளத்தை ஆலயத்துக்குள் கொண்டுவர விடவில்லை. கர்த்தருடைய வேளை வரும், பொறுத்திரு என்கிறார்கள். வந்துபோன பிரசங்கியார் ஒருவரோ, இந்த ஆண்டு முடிவதற்குள் உன் பாட்டு தேசமெங்கும் ஒலிக்கும் என்று உன் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த வாக்கை நம்பி, அம்மாவின் நகையை அடகு வைத்து ஒரு ஸ்டூடியோவில் ஆல்பம் போடலாமா என்று யோசிக்கிறாய். ஒருவர் பொறு என்கிறார், இன்னொருவர் இதோ என்கிறார், இரண்டு பேரும் கர்த்தரின் பெயரைத்தான் சொல்கிறார்கள். யாரை நம்புவது என்று கேட்கிறாய்.

எரேமியா 28-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படி. சிதேக்கியா ராஜாவின் காலம். ஆலயத்துப் பாத்திரங்களையும் எகோனியா ராஜாவையும் நேபுகாத்நேச்சார் ஏற்கெனவே பாபிலோனுக்குக் கொண்டுபோய்விட்டான். பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் நுகத்தைப் போட்டுக்கொண்டு திரிகிறார். கிபியோன் ஊர்க்காரரான அனனியா ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக எழுந்து, இரண்டே வருஷத்தில் போனதெல்லாம் திரும்பி வரும் என்று கர்த்தரின் பெயரால் சொல்கிறார். கேட்ட ஜனங்களுக்கு நெஞ்சு குளிர்ந்திருக்கும். எரேமியா ஆமென் என்றார். அப்படியே நடக்கட்டும் என்றார். சமாதானம் சொல்லும் தீர்க்கதரிசியை அவன் சொன்னது நடக்கும்போதுதான் அறிய முடியும் என்று மட்டும் நினைவுபடுத்தினார். அனனியா அந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தபோது எரேமியா எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. தன் வழியே போய்விட்டார். அனனியாவுக்கான பதில் எரேமியாவுக்கே பிறகுதான் வருகிறது. தீர்க்கதரிசியாக இருந்தும், தனக்குச் சொல்லப்படாததை அந்த இடத்தில் சொல்லிவிடவில்லை என்பதற்காகவே அந்த மனிதரை நான் நம்புகிறேன்.

அடுத்த அதிகாரம் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அவர் எழுதிய கடிதம். புத்தாண்டு ஆராதனையில் நாம் எடுக்கிற வாக்குத்தத்த அட்டைகளில் அந்த 29-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனம் தவறாமல் இருக்கும். உன் வீட்டுச் சுவரிலும் மாட்டியிருக்கும். அதற்கு முந்தின வசனத்தில் இருக்கும் கணக்கு எழுபது வருஷம். கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப் போவதில்லை. அவர்களிடம் எரேமியா சொல்வது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், இருக்கிற பட்டணத்தின் நன்மையைத் தேடுங்கள். அந்த வசனம் தரும் ஆறுதல் இதனால் குறைந்துவிடாது. எழுபது வருஷத்தைத் தாங்கி நிற்கிற ஆறுதல் அது; ஒரு டிசம்பருக்குள் அதை அடைக்கக் கூடாது.

யூத ரபீக்களுக்கும் இந்த விஷயத்தில் கோபம் இருந்தது. மேசியா வரும் நாளைக் கணக்குப் போட்டுச் சொல்பவர்களைத் தல்மூதில் ஒரு ரபீ சபிக்கவே செய்கிறார். குறித்த நாள் வந்து, அவர் வராமல் போனால், இனி வரவே மாட்டார் என்று ஜனங்கள் விட்டுவிடுவார்கள் என்பதுதான் காரணம். தாமதித்தாலும் காத்திரு என்ற ஆபகூக்கின் வார்த்தையை அங்கே எடுத்துக்காட்டுகிறார்கள். உனக்காக நான் பயப்படுவதும் அதற்குத்தான். டிசம்பர் 31 ராத்திரி வரும். உன் பாட்டு தேசமெங்கும் ஒலிக்காமல் இருக்கலாம். அன்றைக்கு நீ அந்தப் பிரசங்கியாரை விட்டுவிட்டால் பரவாயில்லை. கர்த்தரையும் கும்மியையும் சேர்த்து விட்டுவிடுவாயோ என்பதுதான் என் பயம்.

அதே எரேமியாவிடம் கடைசியில் ஒரு கூட்டம் வருகிறது. எருசலேம் விழுந்துவிட்டது. எகிப்துக்குப் போகலாமா வேண்டாமா, கர்த்தரிடம் கேட்டுச் சொல்லுங்கள், எதுவானாலும் கேட்கிறோம் என்கிறார்கள். பதில் வரப் பத்து நாள் ஆகிறது. ஊரே நடுங்கிக்கொண்டிருக்கும்போது, அவ்வளவு பெரிய தீர்க்கதரிசி பத்து நாள் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார். போகாதீர்கள் என்று பதில் வந்ததும், நீ பொய் சொல்கிறாய் என்று சொல்லிவிட்டு எகிப்துக்குக் கிளம்பிவிட்டார்கள். முடிவை எடுத்து வைத்துக்கொண்டுதான் வந்து கேட்டார்கள். தம்பி, உன் கடிதத்தில் ஸ்டூடியோவின் வாடகை, எத்தனை பாட்டு, அட்டைப்படத்துக்கு யார் என்பதுவரை எழுதியிருக்கிறாய். நீ என்னிடம் கேட்க வந்தாயா, சம்மதம் வாங்க வந்தாயா என்று உன்னையே கேட்டுப் பார். கேட்கவே வந்திருந்தால், என் பதில் இது: நகையை அடகு வைக்காதே. அம்மாவின் கழுத்திலிருந்து எடுத்து ஒரு வாக்கை நிறைவேற்றிக் காட்டும்படி கர்த்தர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

அப்படியானால் வழிநடத்துதல் என்பது எப்படித்தான் வரும்? நம் தமிழிலேயே அதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர் 1726-ல் முடித்த தேம்பாவணி 3,615 பாட்டுகள் கொண்டது. அதன் நாயகன் சூசையப்பர் என்கிற யோசேப்பு. நான்கு சுவிசேஷங்களிலும் அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசியதாக எழுதவில்லை. மத்தேயுவில் அவருக்கு நான்கு முறை சொப்பனத்தில் வழி காட்டப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் அடுத்த அடி மட்டுமே சொல்லப்படுகிறது. மரியாளைச் சேர்த்துக்கொள் என்றபோது எகிப்தைப் பற்றிப் பேச்சில்லை. எகிப்துக்கு ஓடிப்போ என்றபோது எத்தனை வருஷம் என்று சொல்லவில்லை. மறுபடி சொல்லும்வரை இரு, அவ்வளவுதான். திரும்பி வரச் சொன்ன பிறகும் யூதேயாவில் அர்கெலாயு ஆள்கிறான் என்று கேள்விப்பட்டு யோசேப்பு பயப்படுகிறார். அதற்குப் பிறகுதான் கலிலேயா. அவர் பயந்ததை மத்தேயு மறைக்கவில்லை, கடவுளும் கடிந்துகொள்ளவில்லை. அந்தப் பயத்துக்கும் ஒரு வழி பிறந்தது. நடுவில் இருந்த காலமெல்லாம் அவர் தச்சு வேலை செய்திருப்பார் என்றே நினைக்கிறேன். அந்நிய ஊரிலும் குழந்தைக்கும் தாய்க்கும் சோறு வேண்டுமே.

ஆகவே ஐந்து வருஷத் திட்டத்தைக் கர்த்தரிடம் கேட்காதே. இந்த வாரம் என்ன என்று கேள். நம் பக்கத்து மானாவாரிக்காரர் மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பதுபோல, உன் பங்கு எதுவோ அதைச் செய்துவிட்டுக் காத்திரு. விதைக்காமல் வானத்தைப் பார்ப்பவனைப் பற்றி வேதத்தில் எங்கும் நல்லதாக எழுதவில்லை.

வழி அடைபடுவதும் வழிகாட்டுதலாக இருக்கலாம் என்பதற்குத்தான் இந்தக் கடிதத்துக்கு இப்படித் தலைப்புக் கொடுத்தேன். அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தில் பவுலும் உடன் போனவர்களும் ஆசியா என்ற ரோம மாகாணத்தில் வசனம் சொல்ல நினைக்கிறார்கள், ஆவியானவர் தடுக்கிறார். பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார்கள், அதுவும் இல்லை. எப்படித் தடுத்தார் என்று லூக்கா எழுதவில்லை. நோயோ, போகிற வழியில் ஆபத்தோ, நமக்குத் தெரியாது. கடைசியில் துரோவாத் துறைமுகத்தில் நிற்கிறார்கள், எதிரே கடல். ராத்திரி மக்கெதோனியாக்காரன் ஒருவன் வா என்று கூப்பிடுவதாகப் பவுல் காண்கிறார். கடல் தாண்டிப் பிலிப்பிக்குப் போனால் அந்த ஆள் எங்கும் இல்லை. ஆற்றங்கரையில் ஜெபம் செய்ய வந்த சில பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் லீதியாள் என்ற இரத்தாம்பர வியாபாரி மனம் திறந்து கேட்கிறாள், அவள் வீடே அங்கே முதல் வீடாகிறது. இதில் நான் திரும்பத் திரும்ப நின்றுபோகும் இடம் ஒன்று உண்டு. லீதியாளின் சொந்த ஊர் தியத்தீரா. அது ஆசியாவில் இருக்கிறது, பவுல் போகக் கூடாது என்று தடுக்கப்பட்ட அதே ஆசியாவில். அந்த நாட்டுப் பெண்ணை அவர் கடல் தாண்டிப் போய்ச் சந்தித்தார்.

ஆனால் தம்பி, அடைபட்ட கதவெல்லாம் ஆவியானவர் அடைத்தது என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். சில கதவுகளை மனிதர் அடைக்கிறார்கள், அடைத்துவிட்டு அவருடைய பெயரை அதன்மேல் எழுதுகிறார்கள். தப்பு ஆலயத்துக்குள் வரக் கூடாது என்பதில் இருப்பது சாதி. யார் வீட்டு வாசலில், யார் சாவில், யார் அதை அடித்தார்கள் என்பதை மனதில் வைத்துத்தான் அந்தத் தோலை வெளியே நிறுத்துகிறார்கள். அதற்குக் கர்த்தருடைய வேளை என்று பெயர் சூட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

நம் ஊர்ச் சரித்திரத்தையே பார். 1606-ல் மதுரைக்கு வந்தார் ராபர்ட் தெ நொபிலி, நம்மவர்கள் தத்துவபோதகர் என்று அழைத்தவர். பரதவருக்கு ஏற்கெனவே ஒரு கோயில் இருக்க, மேல்சாதியாருக்கு வேறு கோயில் நடத்தினார். பூணூலும் குடுமியும் சந்தனமும் இருக்கலாமா என்று 1610-ல் அவர்மேல் புகார் எழுந்தது. கோவாவிலும் ரோமிலும் விவாதம் இழுத்தது. இடையில் சில ஆண்டுகள் புதிதாக ஞானஸ்நானம் கொடுக்கவும் அவருக்குத் தடை. 1623 ஜனவரி 31 அன்று போப் பதினைந்தாம் கிரகோரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பதின்மூன்று வருஷக் காத்திருப்பு. அதற்குள் அவர் தமிழிலும் சமஸ்கிருதத்திலும் ஆழ்ந்துபோனார். அந்தப் பொறுமைக்கு முன் நான் தலை குனிகிறேன். ஆனாலும் அனுமதி வந்தது என்பதால் அந்த இரட்டைக் கோயில் சரியாகிவிடவில்லை. மதுரை மிஷனின் வழக்கங்கள் பலவற்றுக்கு 1744-ல் ரோமே தடை விதித்தது. சாதி மட்டும் சபையை விட்டுப் போகவில்லை. நீண்ட நாள் காத்திருந்து கிடைத்தது என்பது ஒரு காரியத்துக்கு முத்திரை ஆகாது. உன் ஆல்பத்துக்கும் இது பொருந்தும், அவர்களுடைய கட்டுப்பாட்டுக்கும் பொருந்தும்.

எண்ணாகமம் 27-ல் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் வருகிறார்கள். அப்பாவுக்கு மகன் இல்லை என்பதற்காக எங்கள் பங்கு போக வேண்டுமா என்று மோசேக்கும் பிரபுக்களுக்கும் முன்னால், ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் நின்று கேட்கிறார்கள். மோசே அதைக் கர்த்தரிடம் கொண்டுபோகிறார். அந்தப் பெண்கள் சொல்வது சரி என்று கர்த்தர் சொல்கிறார், பிரமாணமே மாறுகிறது. அவர்கள் காத்துக்கொண்டு கூடாரத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த வேளை எப்போது வந்திருக்கும்? கேட்டதும் அந்த வேளையின் பாகம்தான். லூக்கா 18-ல் நியாயாதிபதியை நச்சரித்த விதவையை இயேசு உதாரணமாகக் காட்டியது விசுவாசத்துக்குத்தான். சங்கீதக்காரனும் எதுவரைக்கும் என்று ஒரே சங்கீதத்தில் நாலு தடவை கேட்டான். அந்தக் கேள்வியை வேதத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை.

உனக்கு முன்னால் இந்த ஊரில் கேட்டவர்கள் உண்டு. அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு பாடம் நடத்தினார். பரட்டை என்ற பெயரால் அறியப்பட்டவர், 2005-ல் காலமானார். நாட்டுப்புற இசையில் முழு வழிபாட்டையே அமைத்தார். ஜனங்கள் தன் பாட்டை எடுத்து மாற்றிப் பாடினால், அதுதான் பாட்டு உயிரோடிருப்பதன் அடையாளம் என்று நினைத்தவர். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உண்பதே அவருக்குத் திருவிருந்தின் பொருள். அதற்கும் முன்னால், அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் 1853-ல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டபோது, அதில் பெரும் பங்கு கொண்ட தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் எண்பதை நெருங்கியிருந்தார். நம் சொந்த ராகத்தில் ஆராதிக்கலாமா என்பது அன்றைக்குப் பெரிய கேள்வி. இன்றைக்கு உன் தப்பைத் தடுக்கிறவர்களே அந்தக் கீர்த்தனைகளைப் பழைய மரபு என்கிறார்கள்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஸ்டூடியோவுக்கு இந்த வாரமே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடு. ரூத் பாட்டை உன் ஊர்ச் சபைப் பெண்களிடம் கொடு. சனிக்கிழமை ராத்திரி அவர்கள் கும்மி அடித்துப் பாடட்டும், அவர்கள் எங்கே வார்த்தையை மாற்றுகிறார்களோ அங்கே நீயும் மாற்று. அறுப்பின் பண்டிகையில் அந்தப் பாட்டுக்குத் தப்போடு இடம் வேண்டும் என்று சேகரக் கமிட்டிக்கு எழுத்தில் கொடு. நீ மட்டும் கையெழுத்துப் போடாதே, அந்தப் பெண்களும் போடட்டும். உங்கள் உபதேசியாரிடம் முதலில் காட்டு, அவர் நல்லவர். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேள், அடுத்த வருஷமும் கொடு. ஆல்பம் போடும் நாள் வந்தால் யாருடைய கழுத்தும் காலியாகாமல் வரும்.

அம்மாவிடம் நானே பேசுகிறேன். ரூத் பாட்டின் மூன்றாம் சரணத்தில் மட்டும் தாளம் இடறுகிறது. நகோமி பேசத் தொடங்கும் இடத்தில் ஒரு அடி கூடுதலாக நிற்கிறது. அதைச் சரி செய்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா