பயணமும் பதிவும்

விக்டோரியா மகாராணியார் அரசுகட்டில் ஏறிய 1837ஆம் ஆண்டிலே, ஸ்கொத்லாந்தில், அல்டயர் என்னுமிடத்தில் உயர்குடியொன்றிற் பிறந்தவர் கொன்ஸ்ரன்ஸ் கோர்டன் கமிங் அம்மையார். மகளிர் தனித்து நெடுந்தொலை செல்லுதல் அரிதாயிருந்த அக்காலத்தே கடல் பல கடந்து, கண்டவற்றை நூலாக்கிய அவர்தம் வாழ்க்கை நம் மாணவர்க்கு ஒரு பாடமாகும்.

1868இல் இந்தியாவுக்குச் சென்ற அவர், பின்னர்க் கொழும்பு அத்தியட்சராயிருந்த ஜேர்மின் என்பாரின் அழைப்பையேற்று இலங்கை வந்தார். 1872 முதல் 1874 வரை ஏறத்தாழ ஈராண்டு ஈண்டுத் தங்கி, அநுராதபுரம், பொலனறுவை முதலிய பழம்பதிகளைக் கண்டார். பின்னர்ப் பீஜித் தீவுகள், கலிபோர்னியா, சீனம் எனப் பல நாடுகளிற் பயணஞ் செய்தார். பெரும்பாலும் தாமே பயின்ற ஓவியக் கலையினால் ஆயிரத்துக்கு மேற்பட்ட நீர்வண்ணப் படங்களைத் தீட்டினார். 1924இல் இயற்கை எய்தினார்.

இலங்கையில் தாம் கழித்த இரண்டு இன்பமான ஆண்டுகளைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது 1892இலாகும். இந்நாட்டை நீங்கிப் பதினெட்டாண்டு சென்றபின் நூலியற்றல் எங்ஙனம் இயலும்? நினைவு தேயும்; அவ்வப்போது எழுதியதும் வரைந்ததுமே தேயாது நிற்கும். இஃது நாம் அவர்பாற் கற்கத்தக்கது.

எனினும், கண்டது வேறு. கண்டதை மதித்தது வேறு. அம்மையார் கிறித்தவச் சமயப்பணியிற் பெரும்பற்றுடையார். இந்நாட்டுச் சமயங்களை அந்நோக்குடனேயே மதிப்பிட்டார். ஆதலின் அவர் வரைந்த காட்சிகளை நன்றியோடு ஏற்று, கூறிய முடிபுகளை ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும்.

அவர் இலங்கைக்கு வந்த காலத்தை ஒட்டியே, 1872இல், ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவச் சிறார்க்கென ஆங்கிலப் பாடசாலையொன்றை நிறுவினார். அங்குக் கற்ற சிறுவர் தம் நாட்குறிப்புகளை நமக்கு விட்டுச் சென்றிருப்பின், அவை எத்துணைப் பெறுமதி உடையனவாகும்! நம்மை நாம் எழுதாதவிடத்துப் பிறர் எழுதியதே சான்றாய் நின்றுவிடும்.

நம் முன்னோர் மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும் அலுவலகங்களிலும் பணியாற்றினர். அவர்தம் வழியினர் இன்று உலகெங்கும் வாழ்கின்றனர். அன்னார்க்கு யாம் கூறுவது இதுவே: நாள், இடம், பெயர் மூன்றையும் தவறாது குறிக்க, கண்டதையும் கேட்டதையும் வேறுவேறாக எழுதுக, முதியோர் சொல்லுவனவற்றை அவர் உள்ளபோதே பதிந்து வைக்க. ஓர் ஏடும் எழுதுகோலும் இதற்குப் போதும்.