கையில் தொழில், ஏட்டில் கணக்கு

சிரம்பானிலிருந்து புக்கிட் புத்துஸ் மலைச்சாலையைக் கடந்து கிழக்கே சென்றால் கோலா பிலா நகரை அடையலாம். அவ்வட்டாரத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக ரப்பர் மரம் சீவி வாழ்ந்தன. தோட்டத்தில் வேலையோடு வீடும் கிடைத்தது. வேலை போனால் வீடும் போனது. காலப்போக்கில் ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. வேலையாட்களின் தேவை குறைந்தது. முறுக்கு சுடுதல், தையல், மாலை கட்டுதல் போன்ற கைத்தொழில்கள் பல குடும்பங்களுக்குத் துணையாயின.

சிறு வருமானம் உடையவர்கள் ஒன்றுசேர்ந்தால் முதல் திரட்டலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதந்தோறும் செலுத்திய 10 வெள்ளியே அதன் அடித்தளம். அப்பணத்தைக் கொண்டு சங்கம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது.

வங்கிகள் பெரும்பாலும் அடைமானம் கேட்கும். நிலமோ நகையோ இல்லாதவர் என்ன செய்வார்? வங்காளதேசத்தின் பேராசிரியர் முகமது யூனுஸ் 1976ஆம் ஆண்டு ஜோப்ரா என்னும் சிற்றூரில் இதற்கு விடை தேடினார். அடைமானம் இல்லாமல் ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் வழங்கும் அவரது முயற்சியே பின்னர் கிராமின் வங்கியாக வளர்ந்தது. அதனைப் பின்பற்றி 1987ஆம் ஆண்டு நம் நாட்டில் அமானா இக்தியார் மலேசியா அமைக்கப்பட்டது. ஐவர் கொண்ட குழு, தவறாத கூட்டம், சிறு தவணைகளில் கடனைத் திருப்பிச் செலுத்துதல் ஆகியவை இம்முறையின் தூண்கள். ஒருவர் தடுமாறினால் மற்ற நால்வருக்கும் அது தெரியும். ஆகவே, ஒருவருக்கொருவர் துணை நிற்பதே இங்கு அடைமானமாக அமைகிறது.

இன்று இந்தியத் தொழில்முனைவர்களுக்கென்றே தனித் திட்டங்களும் உள்ளன. 1998ஆம் ஆண்டு தோன்றிய தெக்குன் நேஷனல் நிறுவனம் ‘ஸ்பூமி’ திட்டத்தின்வழி கடன் வழங்குகிறது. 2024ஆம் ஆண்டில் அமானா இக்தியார், இந்தியப் பெண்களுக்காக 5 கோடி ரிங்கிட் ஒதுக்கீட்டில் ‘பெண்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கடன் மட்டுமன்றித் திறன் பயிற்சியும் கிடைக்கிறது. கியாட்மாரா நிலையங்களும் சமூகக் கல்லூரிகளும் தையல், சமையல், வாகனப் பழுதுபார்ப்பு போன்ற துறைகளில் பயிற்சி அளிக்கின்றன.

இத்தனை வாய்ப்புகள் இருந்தும் சிலர் வாசலிலேயே நின்றுவிடுகின்றனர். பல ஆண்டுகளாக வீட்டிலிருந்தே விற்பனை செய்பவரிடம் பெரும்பாலும் ஆவணம் எதுவும் இருப்பதில்லை. 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்படி, தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் அதனைப் பதிவு செய்ய வேண்டும். 18 வயது நிரம்பியவர் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதியலாம். சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 ரிங்கிட்டும் வணிகப் பெயரில் பதிய 60 ரிங்கிட்டும் கட்டணம். உணவைக் கையாளுபவர் அதற்கான பயிற்சியில் கலந்துகொண்டு, டைஃபாய்டு தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும். இவை சிறு வேலைகளே. ஆயினும், இவற்றைத் தள்ளிப்போடுபவருக்கு உதவியும் தள்ளிப்போகிறது.

பதிவுக்கு அடுத்தது கணக்கு. ஒரு பெண் 100 பொட்டலம் முறுக்கு செய்து, ஒன்றை 3 ரிங்கிட்டுக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாவு, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றுக்கு 170 ரிங்கிட் செலவு. கையில் 300 ரிங்கிட் வருவதால் 130 ரிங்கிட் ஆதாயம் என்று அவர் மகிழ்கிறார். ஆனால், பைகளுக்கு 20 ரிங்கிட், பெட்ரோலுக்கு 20 ரிங்கிட் என்று எழுதினால் ஆதாயம் 90 ஆகிறது. 15 பொட்டலங்கள் விற்காமல் போனால் எஞ்சுவது 45 ரிங்கிட்தான். அதுவே அவருடைய இரண்டு நாள் உழைப்புக்குக் கூலி. முறுக்கின் சுவையில் குறையில்லை. விலையை முடிவு செய்த முறையில்தான் குறை. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று நம் முன்னோர் சொன்னது இதனால்தான்.

இந்நிலையில் கடன் வாங்கினால் என்னாகும்? உற்பத்தி கூடும், அதனுடன் தவணையும் வந்து சேரும். ஆதாயம் தவணைக்கே போதாமல், வீட்டுச் செலவுப் பணத்தில் கை வைக்க நேரும். எனவே, நல்ல பயிற்சித் திட்டம் பணத்தைக் கொடுப்பதோடு நின்றுவிடாது. வீட்டுப் பணத்தையும் தொழில் பணத்தையும் பிரித்து வைக்கவும், விலையை முடிவு செய்யவும், பொருளுக்கு வாங்குவோரைத் தேடவும் கற்றுத்தரும். தொழில் தொடங்கிய பின்னரும் அனுபவமுள்ள ஒருவர் அவ்வப்போது வந்து கணக்கைப் பார்ப்பது மிகவும் பயனளிக்கும்.

இப்பணியில் மாணவர்களுக்கும் பங்கு உண்டு. படிவங்கள் பெரும்பாலும் மலாய்மொழியில் உள்ளன. பல விண்ணப்பங்கள் இணையம்வழி செய்யப்படுகின்றன. பாட்டியின் முறுக்குக்கோ அம்மாவின் தையலுக்கோ வரவு செலவு எழுதித் தருவதும், படிவத்தைப் படித்து விளக்குவதும் இடைநிலைப்பள்ளி மாணவரால் இயலும். திறமை அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதனை ஏட்டில் பதியும்போது, அது கடன் கேட்கவும் கடை வைக்கவும் தகுதியுள்ள தொழிலாகிறது.