காருக்கு டர்போ பொருத்தலாமா? – சில வினாக்களும் விளக்கங்களும்

தோட்டப்புறங்களில் வாழும் நம் மக்களுக்குக் கார் இன்றியமையாத உடைமையாகிவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதும், முதியோர் மருத்துவமனைக்குச் செல்வதும் பெரும்பாலும் அதை நம்பியே உள்ளன. அத்தகைய காரில் 'டர்போசார்ஜர்' என்னும் கருவியைப் பொருத்தி ஆற்றலைக் கூட்ட வேண்டும் என்ற ஆவல் இளைஞர் பலரிடம் காணப்படுகிறது. பல மாதச் சேமிப்பை இதில் செலவிடுவதற்கு முன்னர் அவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் வினா விடை வடிவில் கீழே தரப்படுகின்றன.

1. டர்போ எவ்வாறு வேலை செய்கிறது?

செம்பனை ஆலையை நினைத்துப் பாருங்கள். பழத்தைப் பிழிந்தபின் எஞ்சும் நாரும் ஓடும் கொதிகலனில் எரிக்கப்படுகின்றன. அதனால் உண்டாகும் நீராவி ஆலையை இயக்க உதவுகிறது. டர்போவும் இவ்வாறு கழிவைப் பயன்படுத்தும் கருவியே ஆகும். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, சிலிண்டருக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் அதற்கேற்பப் பெட்ரோலையும் கூடுதலாக எரிக்கலாம். அதனால் ஆற்றல் உயரும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் அல்ஃபிரட் பியூகி 1905-ஆம் ஆண்டிலேயே இக்கருத்துக்குக் காப்புரிமை கோரினார்.

2. ஆற்றல் எவ்வளவு கூடும்?

நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 14.7 இராத்தலாகும். டர்போ அதன்மேல் 7 இராத்தல் கூட்டினால், காற்று பாதிப் பங்கு அதிகமாகும் என்று தோன்றும். ஆனால், சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தப்படும் காற்று சூடாகும். சூடான காற்று விரியும். 30 பாகை செல்சியஸில் நுழையும் காற்று 80 பாகையை எட்டிவிடக்கூடும். ஆகவே, உண்மையில் கூடுதலாகக் கிடைப்பது ஏறத்தாழக் கால் பங்கு காற்றேயாகும். 'இன்டர்கூலர்' என்னும் குளிர்விப்பானைச் சேர்த்தால் இது ஐந்தில் இரண்டு பங்கு வரை உயரலாம்.

3. எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் அப்படியே பொருத்திவிடலாமா?

பெரும்பாலும் கூடாது. டர்போ இல்லாத எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டன், காற்றையும் பெட்ரோலையும் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அமுக்குகிறது. முன்பே அழுத்தப்பட்ட காற்றை மீண்டும் அதே அளவு அமுக்கினால், கலவை உரிய முறையில் எரியாமல் ஆங்காங்கே வெடிக்கும். மெக்கானிக்குகள் இதனை 'நாக்கிங்' என்பர். இது தொடர்ந்தால் பிஸ்டன் உடையும்; கேஸ்கெட் கருகும்.

நம் நாட்டுப் புரோட்டோன் கார்களே இதற்குச் சான்று. கேம்ப்ரோ 1.6 எஞ்சினுக்கு அந்நிறுவனம் டர்போ சேர்த்து, 2011-ஆம் ஆண்டில் எக்சோரா போல்ட் காரில் அறிமுகப்படுத்தியது. அப்போது அமுக்க விகிதம் 10-லிருந்து 8.9-க்குக் குறைக்கப்பட்டது, பிஸ்டன் நகரும் தூரமும் 88 மில்லிமீட்டரிலிருந்து 86 மில்லிமீட்டராக மாற்றப்பட்டது. அதன் பின்னரே 148 நியூட்டன் மீட்டராக இருந்த முறுக்குவிசை 205 ஆக உயர்ந்தது. எஞ்சினை உருவாக்கியவர்களே அதன் உட்பகுதியைத் திருத்தியிருக்க, நாம் வெளியே மட்டும் ஒரு கருவியை மாட்டுவது எப்படிப் போதுமானதாகும்?

4. உயர்ரகப் பெட்ரோல் ஊற்றினால் போதாதா?

ரோன் 95-ஐக் காட்டிலும் ரோன் 97 நாக்கிங்கை நன்றாகத் தாங்கும். ஆயினும், அதை மட்டும் நம்புவது சரியன்று. அமெரிக்காவில் 1962-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரில் அமுக்க விகிதம் 10.25 ஆக வைக்கப்பட்டது. நாக்கிங்கைத் தடுக்க, நீரும் மெத்தனாலும் கலந்த திரவம் எஞ்சினுக்குள் செலுத்தப்பட்டது. உரிமையாளர் பலர் அத்திரவத்தை நிரப்ப மறந்தனர். கலம் காலியானதும் காரின் ஆற்றல் குறைக்கப்பட்டது. பலர் டர்போவையே கழற்றிவிட்டனர். 1963-ஆம் ஆண்டுடன் அக்காரின் உற்பத்தி நின்றது.

5. டர்போ பெட்ரோலை மிச்சப்படுத்துமா?

சிறிய எஞ்சினில் டர்போ வைத்துப் பெரிய எஞ்சினின் ஆற்றலைப் பெறும்போது மிச்சம் உண்டு. இருக்கும் எஞ்சினிலேயே சேர்த்தால் அந்த நன்மையை எதிர்பார்க்க இயலாது. ஒரு கிலோ பெட்ரோல் முறையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். கூடுதல் காற்றுக்குப் போதிய பெட்ரோல் கிடைக்காவிடில் எஞ்சின் பழுதாகும். எனவே, பெட்ரோல் தெளிக்கும் கருவியையும் எஞ்சினின் கணினியையும் கூடவே மாற்றியமைக்க வேண்டியிருக்கும்.

6. 'ஹாஃப் கட்' கடையில் கிடைக்கும் பழைய டர்போவை வாங்கலாமா?

டர்போவின் அச்சு நிமிடத்திற்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலமே. அச்சை விரலால் அசைத்துப் பாருங்கள். சக்கரம் சுற்றுச்சுவரில் உரசினால் வாங்காதீர்கள். பொருத்திய பின்னர் எஞ்சின் எண்ணெயைக் காலம் தவறாது மாற்ற வேண்டும். விரைந்து ஓட்டி வந்தவுடன் எஞ்சினை நிறுத்தாமல், ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிடுவது நன்று.

7. சட்டம் என்ன கூறுகிறது?

எஞ்சினில் இத்தகைய மாற்றம் செய்வதற்கு முன்னர் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியைப் பெறுதல் வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவித்தல் அவசியமாகும். தெரிவிக்காமல் விட்டால், விபத்து நேரும்போது இழப்பீடு மறுக்கப்படலாம். அதன் சுமை முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும்.

ஆகவே, டர்போவின் விலை செலவின் தொடக்கமே என்பதை உணர வேண்டும். இன்டர்கூலர், பெட்ரோல் அமைப்பு, ரேடியேட்டர், கிளட்ச், பிரேக் ஆகியவற்றின் செலவையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கூடிய வேகத்தை அடக்கும் பிரேக் இல்லாத கார் ஆபத்தானது. மேலும், கார் வலுவிழந்து ஓடுவதற்கு அடைபட்ட காற்று வடிகட்டி, தேய்ந்த ஸ்பார்க் பிளக், காற்றுக் குறைந்த டயர் போன்றவையும் காரணமாகலாம். முதலில் இவற்றைச் சீர்செய்து, காரின் பழைய ஆற்றலை மீட்டுக்கொள்ளுங்கள். அதன் பின்னரும் போதாது எனத் தோன்றினால், தொழிற்சாலையிலேயே டர்போவுடன் தயாரிக்கப்பட்ட காரைத் தேடுவதே சிக்கனமும் பாதுகாப்பும் தரும் வழியாகும்.