கடலோர வெப்பத்தில் வெப்ப யோகம்

வெப்ப யோகம் என்பது கொல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி பரப்பிய முறையாகும். இதில் சுமார் 40 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றிய அறையில் 26 ஆசனங்களும் இரண்டு மூச்சுப் பயிற்சிகளும் 90 நிமிடங்கள் செய்யப்படுகின்றன. அடையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர் ஒல்காட் குப்பத்திலோ சித்திரை, வைகாசி மாதங்களில் அறையைச் சூடேற்ற வேண்டிய தேவையே எழுவதில்லை. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது என்பதால், கடலோர ஈரப்பதம் அந்த ஆவியாதலைத் தடுக்கையில் உடலின் உள்வெப்பம் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது; ஆகவே இங்கு விடியற்காலையே பயிற்சிக்கு உகந்தது. பயிற்சி செய்யும் கடற்கரையில் கிடக்கும் வலைகளும் படகுகளும் குப்பத்து மீனவர்களின் தொழிலுக்குரியவை. அவற்றுக்கு இடம்விட்டு விலகிப் பாய் விரிப்பதே முறை.

உணவு உண்டு இரண்டு, மூன்று மணி நேரம் கழிந்தபின் தொடங்கி, இடையிடையே நீர் அருந்தி, முடிவில் உப்பிட்ட நீர்மோரோ நீராகாரமோ குடித்தால் வியர்வையில் கழிந்த நீரும் உப்பும் ஈடாகும். வெப்பத்தில் தசை எளிதில் இளகுவதால் வலி எச்சரிக்கும் முன்பே மூட்டு எல்லை கடந்து வளையக்கூடும். எனவே வழக்கமான அளவிற்குச் சற்றுக் குறைவாகவே வளைதல் நன்று. தலைச்சுற்றல், குமட்டல், தலைவலி தோன்றினால் உடனே நிறுத்தி நிழலை நாட வேண்டும். கருவுற்ற பெண்களும் இதயநோய், இரத்த அழுத்தக் கோளாறு உடையோரும் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது. மன அமைதியே நோக்கமெனில், மடித்த நாக்கின் வழியே மூச்சை உள்ளிழுத்து மூக்கின் வழியே விடும் சீதளி பிராணாயாமம் இக்கடற்கரைக்கு இன்னும் பொருத்தமானது.