குதிரையின் கால் வீக்கத்திற்குச் சூடு வேண்டாம்

ரேக்ளாப் பந்தயத்தில் ஓடும் குதிரைகளுக்கும் வண்டிக் குதிரைகளுக்கும், முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே பின்புறமுள்ள தசைநாண் நைந்து வீங்குவதுண்டு. தொட்டால் சுடும், குதிரை நொண்டும். உடனே சூட்டுக்கோலைத் தேடுவது சிலரது பழக்கம். 1983-இல் பிரிட்டனில் வெளியான விரிவான ஆய்வில், சூடு போடுவதால் தசைநாண் விரைந்து ஆறுவதில்லை எனத் தெரிந்தது. சூடு போட்ட குதிரை தேறியதெல்லாம், புண் ஆறும்வரை கட்டுத்தறியில் நின்ற ஓய்வினால்தான் என்பது என் கருத்து.

முதல் இரண்டு நாட்கள் குளிர்ச்சியே மருந்து. வீக்கத்தின்மேல் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விட வேண்டும். நாளொன்றுக்கு மூன்று, நான்கு முறை. பனிக்கட்டியானால் துணியில் சுற்றி வைக்கவும். எண்ணெய் தேய்த்து உருவுவதும் வெந்நீர் ஒத்தடமும் இப்போது கூடாது, வீக்கம் மிகும். பிறகு பஞ்சு வைத்துச் சீராகக் கட்டுப் போடலாம். இறுக்கினால் கட்டே காலைக் கெடுக்கும். நல்ல காலுக்கும் கட்டு தேவை. பாரம் அதன்மேல்தானே விழுகிறது!

ஓய்வின்போது கொள்ளைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். சும்மா நிற்கும் குதிரைக்கு முழுத் தீனி கொடுத்தால், திரும்ப வேலைக்கு வரும் அன்று தொடை இறுகி, காப்பி நிறத்தில் சிறுநீர் கழித்து நின்றுவிடும்.

சூடும் வலியும் தணிந்தபின், கால்நடை மருத்துவரைக் கேட்டு, கையில் பிடித்து 5 அல்லது 10 நிமிடம் சமதரையில் நடத்துங்கள். வாரந்தோறும் சிறிது கூட்டலாம். நொண்டல் நின்றதுமே பந்தயத்தில் ஓட்டுவது பெருந்தவறு. தசைநாண் வலுப்பெற 9 முதல் 12 மாதங்கள் ஆகும். காலில் காயமும் இருந்தால் அன்றே ரண ஜன்னித் தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்யுங்கள். வீட்டு விலங்குகளில் இந்நோய் எளிதில் தாக்குவது குதிரையைத்தான்.